தண்ணி போற ஓட்டை

ஜெனுஷா, வரேக்கை மிளகாய்த்தூள் ரெண்டு கிலோவுக்கு மேலை கொண்டராதையும். ரோமிலை எயாப்போட்டிலை பெட்டியைத் திறந்து பாத்தாங்களெண்டால் அவங்களுக்குத் தும்மல் வரும், பேந்து உம்மை ஒரு மணித்தியாலம் மறிச்சு வைச்சிருப்பாங்கள். இஞ்சை பலெர்மோவிலை, எங்கட கபோச் சந்தையிலை எல்லாம் கிடக்கு. கத்தரிக்காய் கிடக்கு, கணவாய் கிடக்கு, பேசாலையிலை எடுக்கிற மாதிரி உடன் மீன் கிடக்கு. தூளும் கொஞ்சம் ஏலக்காயும் காணும்.

இந்தக் கசற்றைத் தனிய இருந்து கேளும். உங்கை கொழும்பு லொட்ஜிலை மாமி பக்கத்திலை இருந்தா எண்டால் நிப்பாட்டிப்போட்டு, அவ கோயிலுக்குப் போன நேரம் கேளும். உமக்குப் பிளேன் பங்குனி பன்ரெண்டாம் தேதி. அதுக்கு முதல் உமக்கு ஒரு விஷயம் தெரியோணும். தெரிஞ்சாப்பிறகு வாறதோ விடுறதோ உம்மட முடிவு. நான் கோவிக்கமாட்டன். உம்மட கையிலை அந்த முடிவைத் தாறதுக்காகத்தான் இதைப் பேசிப் பதியிறன்.

கோயிலிலை பாவசங்கீர்த்தனம் செய்யலாம்தான். தமிழ்ச் சுவாமி நத்தாருக்கும் மடு மாதா திருநாளுக்கும்தான் இஞ்சாலை வாறவர். மற்ற நாளிலை இத்தாலிச் சுவாமியிட்டைத்தான் போகோணும். ரெண்டு தரம் போய் முழங்காலிலை நிண்டனான். வாயைத் திறந்தால், இத்தாலியனிலை சொல்லேக்கை அது வேறை ஆரோ செய்த பாவத்தை நான் மொழிபெயர்த்துச் சொல்லுற மாதிரி இருக்கு. அதாலை பொய் சொன்னனான், கெட்ட வார்த்தை பேசினனான் எண்டு சின்னச் சின்னதாய்ச் சொல்லிப்போட்டு வந்திட்டன்.

மொழிபெயர்க்கிறது என்ர இன்னொரு வேலை எண்டு உமக்குத் தெரியும். காலமையிலை பொலிதேயாமாப் பக்கம் சிஞ்ஞோரா எண்டுற வீட்டுக்காரம்மா வீட்டிலை துடைக்கிறது, பின்னேரத்திலை எங்கட ஆக்களோடை குவெஸ்தூரா எண்டுற பொலிஸ் கந்தோருக்கும் டொக்டரிட்டையும் போறது. என்னைத்தான் எல்லாரும் கூப்பிடுவினம். ஏனெண்டால் நான் பதமாய்ச் சொல்லுவன். ஒரு சிஞ்ஞோரா, "இவளின்ர கறி மணம் எனக்கு வயித்தைப் புரட்டுது" எண்டால், நான் "யன்னலைத் திறந்து வைச்சுச் சமைக்கட்டாம் அக்கா" எண்டுதான் சொல்லுவன். நோகிறதை விட்டுப்போட்டு வேண்டியதை மட்டும் சொல்லுறது. அதாலை ரெண்டு பக்கத்துக்கும் என்னிலை விருப்பம். ஆறு வருஷமாய் எத்தினையோ வசனத்தை நான் விட்டிருக்கிறன். ஒருத்தருக்கும் ஒரு குறையும் வரேல்லை.

நீர் வந்து இருக்கப்போற அறையைப் பற்றிச் சொல்லுறன். கபோவிலை ரெண்டாம் மாடி. ஒரு பெரிய அறை, மேலை பலகையடிச்ச ஒரு தட்டு, ஒரு குசினி. கீழை மீன்காரன் விடியக் கத்தத் தொடங்குவான், அது பழகிப்போம். அந்த அறை முதல் விக்னராஜா அண்ணையின்ர. யாழ்ப்பாணத்து ஆள், கோண்டாவில். நான் தொண்ணூற்றியொண்டிலை ஒரு பையோடை வந்து ஸ்ரேசனிலை நிக்கேக்கை, "தம்பி, எவ்வளவு நேரமாய் நிக்கிறாய், சாப்பிட்டனியோ" எண்டு கேட்டுக் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான். சைவக்காரர், நான் வேதக்காரன், அதெல்லாம் அவர் பாக்கேல்லை. பேந்து அவற்றை மனுசி ஞானம்பிகை அக்காவும் மகள் கேசிகாவும் வந்து சேர்ந்திச்சினம். அவையள் மூண்டுபேரும் அறையிலை, நான் மேல் தட்டிலை.

ஞானம்பிகை அக்கா நல்லவ. வாய்தான் கொஞ்சம் கூட. நான் வேலையாலை வந்து சப்பாத்தோடை உள்ளுக்கை கால் வைச்சால், "வாறார் துரை, கம்பளம் விரியுங்கோடி" எண்டுவா. ஒரு பழக்கம் இருந்தது அவவுக்கு. ஊரிலை ஹெலியும் பொம்பரும் வாற காலத்திலை, ஒரு பொட்டு வெளிச்சம் வெளியிலை தெரியக்கூடாது எண்டு ஓட்டை ஒடிசல் எல்லாம் துணியாலை அடைச்சுத்தானே படுத்தவை. அது அவவை விடேல்லை. இஞ்சையும் இருட்டுப்படக் கதவுக்குக் கீழை சாறத் துண்டு, யன்னல் வெடிப்புக்குள்ளை சாறத் துண்டு, சாவி ஓட்டைக்குப் பஞ்சு. அடைக்காமல் படுத்தால் நித்திரை வராது. அண்ணை பகிடி பண்ணுவார், "இவள் என்ர மூக்கையும் ஒரு நாளைக்கு அடைச்சுப்போடுவாள்" எண்டு. நாலு வருஷம் நான் மேல் தட்டிலை இருந்து அதைப் பாத்துக்கொண்டுதான் படுத்தனான். அதை ஞாபகம் வைச்சிரும்.

என்ர மனுசி எண்டு உம்மைக் கூப்பிடுறதுக்கு நான் குவெஸ்தூராவிலை மனுப் போடேக்கை, அவங்கள் கேட்டது வீடு. என்ர பேரிலை வாடகை ஒப்பந்தம் வேணும், விஜிலி எண்டுற நகரசபைக் காவல்காரர் வந்து கட்டிலை எண்ணிப் பாப்பினம், அறைக்குள்ளை வேறை குடும்பம் இருக்கக்கூடாது. அண்ணையை எழும்பிப் போங்கோ எண்டு கேக்க ஏலுமோ? ஏலாது. நான் கேக்கேல்லை. அது மட்டும் உண்மை, நான் ஒரு நாளும் கேக்கேல்லை.

அண்ணைக்கே ஒரு ஆசை இருந்தது. ஊரிலை அவர் லொறி ஓட்டினவர். யாழ்ப்பாணம் கொழும்பு, கொழும்பு யாழ்ப்பாணம் எண்டு ஓடித் திரிஞ்ச மனுசன், இஞ்சை ஒன்பது வருஷமாய் ஒரு கட்டடத்தின்ர படிக்கட்டை மேலையிருந்து கீழை துடைச்சுக்கொண்டு இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளிலை கடற்கரைப் பக்கம் போனால், ஜேர்மன்காரர் காம்பெரிலை வந்து நிப்பினம். காம்பெர் எண்டால் வான் மாதிரி ஒரு வாகனம், உள்ளுக்கை கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருக்கும். வீடும் அதுதான், வாகனமும் அதுதான். அண்ணை அதைச் சுத்திச் சுத்திப் பாப்பார். "றொனி, உதிலை ஒண்டு இருந்தால் குளிருக்குத் தோடம்பழத் தோட்டம், வெய்யிலுக்குக் கடற்கரை வீடுகள் துப்பரவாக்கிறது, வேலை எங்கையோ அங்கை போய் நிக்கலாம். பள்ளிக்கூட லீவுக்கு மிலானோ, அங்காலை சுவிசிலை தங்கச்சி வீடு. இஞ்சை இருந்து வேலை செய்யப் பெர்மெசோ இருக்கு, லைசென்ஸ் இருக்கு. பேந்தேன் நான் இந்தப் படிக்கட்டோடை கிடந்து சாகோணும்?"

நான், "நல்ல யோசினை அண்ணை" எண்டனான். ஒவ்வொரு ஞாயிறும் அப்பிடித்தான் சொன்னனான். பேந்து நானே பழைய வாகனம் விக்கிற விளம்பரப் பேப்பர் வாங்கிக்கொண்டு வந்து வாசிச்சுக் காட்டினனான். கூட வேலை செய்யிற சோதிலிங்கம் அண்ணை பகிடி விட்டார். "லொறி ஓட்டினவன் லொறிக்குள்ளையே குடும்பம் நடத்தப்போறான். ஞானம், நீர் ஹோர்ன் அடிச்சுத்தான் சோறு கேக்கோணும்." அக்கா, "இவருக்கு ஹோர்ன் அடிச்சாலும் கேக்காது, பிரேக்தான் பிடிக்கோணும்" எண்டா. அவவுக்கு முழு விருப்பமில்லை. பிள்ளை குளிருக்கை கிடக்கும் எண்டதுதான் அவவின்ர பயம்.

கார்த்திகை ரெண்டாம் தேதி போய்ப் பாத்தம். அண்டைக்கு இஞ்சை மரிச்ச ஆக்களின்ர நாள், சின்னப் பிள்ளையளுக்குச் சீனியாலை செய்த பொம்மை குடுப்பினம். கேசிகாவின்ர கையிலை ஒண்டு இருந்தது, குதிரையிலை இருக்கிற ஒரு வீரன். அவளுக்கு அப்ப ஏழு வயசு. இத்தாலியன் என்னை விட நல்லாய்க் கதைப்பாள், சந்தையிலை பெடியள் கதைக்கிற மாதிரி இழுத்து இழுத்து. என்ர இத்தாலியனைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

வித்தவர் ஒரு கிழவர், பேர் தோத்தோ. பென்சன் எடுத்தாப்பிறகு தானும் மனுசியும் அதிலையே இருந்து திரியிறதெண்டு வாங்கித் தன்ர கையாலை எல்லாம் திருத்தி வைச்சவர். மனுசி அந்த வைகாசியிலை செத்துப்போனா. காலமை சேமக்காலையிலை மனுசியின்ர கல்லறைக்குப் போட்டு, அந்தக் கறுப்புக் கோட்டோடையே வந்து எங்களுக்குத் திறந்து காட்டினார்.

டீசல் வண்டி, பதினாறு வயசு. அண்ணைக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படேல்லை. சாவியைத் திருப்பி, மஞ்சள் லைற் அணையுமட்டும் பொறுத்து, ஸ்ராட் பண்ணினார். சைலன்சருக்குப் பின்னாலை போய்க் கையை விரிச்சுப் பிடிச்சு, புகையின்ர நிறத்தைப் பாத்தார். ஒயில் மூடியைக் கழட்டி மணந்தார். கீழை படுத்துத் துருவைத் தட்டிப் பாத்தார். கிழவர் பின்னாலை நிண்டு தலையை ஆட்டினார். ரெண்டு பேரும் ஒரு சொல்லும் கதைக்காமல் அரை மணித்தியாலம் கதைச்சினம் எண்டு வையும். அண்ணை எழும்பி உடுப்பைத் தட்டிக்கொண்டு, "எஞ்சின் கல்லுமாதிரி இருக்கு றொனி" எண்டார். அவற்றை முகத்திலை அப்பிடி ஒரு சந்தோஷத்தை நான் அதுக்கு முதல் காணேல்லை.

உள்ளுக்கை அக்கா கட்டிலை அமத்திப் பாத்தா, யன்னல் சீலையைப் பிடிச்சுப் பாத்தா. "வடிவாய்த்தான் வைச்சிருந்திருக்கிறா, பாவம்" எண்டா. பேந்து, "குளிருக்கு என்ன செய்யிறதாம், கேளும்" எண்டா.

கேட்டனான். கிழவர் காட்டினார். வீட்டிலை பாவிக்கிற காஸ் ஸ்தூபா ஒண்டு, அதுதான் குளிருக்குக் கொழுத்திற அடுப்பு, காஸ் சிலிண்டரோடை. அவரே பூட்டினது. பூட்டிப்போட்டு, கதவடியிலை தரையிலை ஒரு ஓட்டையும் வெட்டியிருந்தார், ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. மேலை கூரையிலையும் ஒரு சின்ன மூடி. அந்த வயசு போன மனுசன் முழங்காலிலை இருந்து, ரெண்டு விரலை ஓட்டைக்குள்ளை விட்டுக் காட்டினார். "இது எரியேக்கை இந்த ஓட்டையும் மேல் மூடியும் எப்பவும் திறந்திருக்கோணும். குளிருது எண்டு அடைச்சால் சாவு. மணமும் வராது, தெரியவும் மாட்டுது. நித்திரையிலையே போயிடுவியள்." பேந்து என்னை நிமிந்து பாத்து, "அவனுக்குச் சொல்லு" எண்டார்.

அக்கா கேட்டா, "என்னவாம் றொனி?"

இந்த இடத்தை நான் கனதரம் யோசிச்சுப் பாத்திருக்கிறன் ஜெனுஷா. எனக்கு அவசரம் இருக்கேல்லை. ஒருத்தரும் என்னை நெருக்கேல்லை. தரையிலை எப்பவும் திறந்திருக்கிற ஒரு ஓட்டை எண்டால், வெளிச்சமும் வெளியிலை போம், குளிரும் பிள்ளையின்ர காலுக்கு வரும், அக்கா அந்தப் படியாலை இறங்கி நேரை பஸ்ஸுக்குப் போயிருப்பா எண்டு எனக்கு வடிவாய்த் தெரியும். நாங்கள் மனுக் குடுத்து அப்ப ஒன்பது மாசம்.

"நல்ல சூடாம் அக்கா. குளிரே தெரியாதாம்" எண்டனான்.

அதுவும் கிழவர் சொன்னவர்தான், முதலிலை. அதாலை நான் பொய் சொல்லேல்லை. ஒரு வசனத்தை விட்டனான், அவ்வளவுதான்.

கேசிகா முன்னாலை ட்ரைவர் சீற்றிலை இருந்து, சீனி வீரனின்ர தலையைச் சூப்பிக்கொண்டு, ஸ்ரேறிங்கைத் திருப்பிக்கொண்டு இருந்தாள். பஸ்ஸிலை திரும்பி வரேக்கை எனக்குப் பக்கத்திலை இருந்து கேட்டாள், "மாமா, நொன்னோ ஓட்டையைப் பற்றி ஏதோ சொன்னவர் எல்லே? நீங்கள் அம்மாக்குச் சொல்லேல்லை." நொன்னோ எண்டால் தாத்தா. நான், "அது பெரிய ஆக்களின்ர கதை, பிறகு சொல்லுவன்" எண்டு சொல்லி, இறங்கினவுடனை அவளுக்கு ஒரு ஐஸ்கிறீம் பாண் வாங்கிக் குடுத்தனான். இஞ்சை பாணுக்குள்ளை ஐஸ்கிறீம் வைச்சுத் தருவினம். நீர் வந்தால் வாங்கித் தாறன்.

பிறகு சொல்லுவன் எண்டுதான் நினைச்சனான். அதையும் நீர் நம்போணும்.

கார்த்திகை நடுப்பகுதியிலை அவையள் அறையை விட்டுப் போச்சினம். ஒப்பந்தத்தை அண்ணை என்ர பேருக்கு மாத்தித் தந்தார். கட்டிலையும் அலுமாரியையும் விட்டிட்டுப் போனார், "தங்கச்சி வந்தால் தேவைப்படும்" எண்டு. ஒரேத்தோவிலை ஒரு மாடிக் கட்டடத்துக்குப் பின்னாலை, காத்துப் படாத இடத்திலை காம்பெரை விட்டிருந்தினம். அங்கை குளிர் பெரிசாய் இல்லை, ஸ்தூபாவைக் கொழுத்தவே தேவைப்படேல்லை. அதாலை நானும் சொல்ல அவசரப்படேல்லை.

நத்தாருக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்னட்டைக் குளிக்கவும் சாப்பிடவும் வந்தினம். அக்கா அறையைச் சுத்திப் பாத்திட்டு, "ராசா வீடு மாதிரியெல்லே வைச்சிருக்கிறார், எங்களைக் கலைச்சுப்போட்டு" எண்டா. பகிடிக்குத்தான் சொன்னவ. கேசிகாவுக்குப் பள்ளிக்கூட லீவு. அந்த லீவிலைதான் காம்பெரிலை அவையின்ர முதல் பயணம், செர்தாப் பக்கம், மலையடியிலை கூனைப்பூத் தோட்டத்திலை ரெண்டு கிழமை வெட்டு வேலை இருக்காம். அது முள்ளு வைச்ச ஒரு பெரிய மொட்டு, இஞ்சத்த ஆக்கள் அவிச்சுச் சாப்பிடுறவை. அங்கை நல்ல குளிராம்.

சாப்பிட்டுக் கை கழுவேக்கை அண்ணை கேட்டார். "றொனி, இந்தப் பெட்டை நெடுகவும் ஒரு ஓட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரியிறாள். அடைக்கக்கூடாதாம், நொன்னோ சொன்னவராம். அப்பிடி ஏதும் சொன்னவனோ அந்தாள்?"

கேசிகா சோத்துக் கோப்பையோடை என்னைப் பாத்துக்கொண்டு நிண்டாள்.

விஜிலி வந்து அறையைப் பாக்கிற நாள் செவ்வாய்க்கிழமை. இன்னும் ரெண்டு நாள். அந்த நேரம் நான் ஓம் எண்டால் என்ன நடக்கும்? அக்கா அந்த வண்டிக்குள்ளை பிள்ளையை ஒரு நாளும் படுக்க விடா. அண்டைக்கு இரவே மூண்டு பேரும் பெட்சீற்றோடை வந்து இந்த அறையிலை படுத்திருப்பினம். அது அவையின்ர உரிமையும்தான். செவ்வாய்க்கிழமை விஜிலி வந்து நாலு தலையை எண்ணியிருப்பான். நீர் இன்னும் ஒரு வருஷம் கொட்டாஞ்சேனை லொட்ஜிலை பொலிஸ் பதிவோடை இருந்திருப்பீர்.

"அது தண்ணி போற ஓட்டை அண்ணை" எண்டனான். "கழுவேக்கை தண்ணி போறதுக்கு வெட்டினதாம். மற்ற நேரம் அடைச்சு வைக்கலாம்."

"அப்பிடிச் சொல்லேல்லை நொன்னோ" எண்டாள் கேசிகா.

அண்ணை சிரிச்சுக்கொண்டு அவளின்ர தலையைத் தடவினார். "மாமா குவெஸ்தூராவிலையே கதைக்கிறவர். நீ ரெண்டாம் வகுப்பு."

அவள் கோப்பையைக் கொண்டுபோய் வைச்சிட்டு, யன்னலடியிலை போய் இருந்தாள். மற்ற நாளிலை போகேக்கை எனக்குக் கொஞ்சிப்போட்டுப் போறவள், அண்டைக்குக் கொஞ்சாமல் இறங்கிப் போனாள்.

விஜிலி வந்தவன். அறையைப் பாத்தான், ஒரு கட்டிலை எண்ணினான், எழுதிக்கொண்டு போனான். இனிச் சொல்லலாம் எண்டு நான் நினைச்சது உண்மை. நத்தாரண்டு பூசைக்கு, சைவமெண்டாலும், அவையளும் வருவினம் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான், வரேல்லை. அண்டைக்குக் காலமையே வெளிக்கிட்டிட்டினமாம். செர்தாவிலை ஆரிட்டை ரெலிபோன் இருக்கு? எனக்குத் தெரியாது. பஸ் இருக்குது. ஒண்டேகால் மணித்தியாலம். நான் பஸ்ஸிலை போகலாம் எண்டு யோசிச்சு, பிறகு சிஞ்ஞோரா வீட்டிலை புது வருஷச் சாப்பாட்டு வேலை இருந்ததாலை போகேல்லை.

தை மாசம் மூண்டாம் தேதி. இதை எனக்குச் சொன்னவர் அண்ணைதான், அதாலை அவர் சொன்ன மாதிரியே சொல்லுறன். காலமை அஞ்சு மணிக்கு அவர் வெட்டுக்குப் போக எழும்பினவர். வெளியிலை புல்லெல்லாம் வெள்ளையாய் உறைஞ்சு கிடந்ததாம். நித்திரைக்கு நெருப்பை வைக்கப் பயம் எண்டு இரவிலை அக்கா ஒரு நாளும் ஸ்தூபாவைக் கொழுத்தினதில்லை. அண்டைக்குப் பிள்ளை நடுங்கினது எண்டு, அவர் வெளிக்கிடேக்கை கொழுத்தினவ. "நீர் கதவை இறுக்கிச் சாத்திப்போட்டுப் போம்" எண்டாவாம். தரை ஓட்டைக்கு அண்ணை தன்ர கையாலை ஒரு மரக்கட்டை சீவி, துணி சுத்தி, அளவாய் அடிச்சு வைச்சிருந்தவர். என்ர வீட்டிலை சாப்பிட்டுப்போட்டுப் போன அண்டைக்குத்தான் அதைச் சீவினவராம். மேல் மூடிக்கு அக்காவின்ர சாறத் துண்டு.

ஒன்பது மணிக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தவர். கதவைத் தட்டினவர். தாயும் பிள்ளையும் ஒரு போர்வைக்குள்ளை. நல்ல சூடாய் இருந்தது தம்பி எண்டார் என்னட்டை. உள்ளுக்கை நல்ல சூடாய் இருந்தது, முகமெல்லாம் சிவந்து, வடிவாய் நித்திரை கொள்ளுற மாதிரி இருந்தினம், அதாலை எழுப்பாமல் நானே தேத்தண்ணி வைப்பம் எண்டு கேற்றிலைக் கையிலை எடுத்திட்டன் எண்டார்.

காராபினியேரிப் பொலிஸ் விசாரிக்கேக்கை மொழிபெயர்க்க ஒரு தமிழ் ஆள் வேணும் எண்டாங்கள். அண்ணைதான் சொன்னவர், என்ர தம்பி ஒருத்தன் இருக்கிறான், அவனைக் கூப்பிடுங்கோ எண்டு.

ஒரு மேசை. அங்காலை ஒரு அதிகாரி ரைப் அடிச்சுக்கொண்டு. சுவரோரம் கதிரையிலை தோத்தோக் கிழவர், தொப்பியைக் கையிலை வைச்சுக் கசக்கிக்கொண்டு. கிழவர் முதலிலையே சொல்லிப்போட்டார், நான் காட்டினனான், சொன்னனான், இந்தப் பெடியனிட்டைச் சொன்னனான் எண்டு. அதிகாரி என்னைப் பாத்துக் கேட்டான், "அவர் சொன்னதை நீ இவருக்குச் சொன்னனியோ?" நான் ஓம் எண்டனான். "அப்ப இவரிட்டைக் கேள், அந்த ஓட்டையை அடைக்கக்கூடாது எண்டு இவருக்குத் தெரிஞ்சிருந்ததோ?"

நான் அண்ணையின்ர பக்கம் திரும்பித் தமிழிலை கேட்டனான். "அண்ணை, அந்த ஓட்டையை அடைச்சது நீங்களோ எண்டு கேக்கினம்."

"ஓம் தம்பி" எண்டார். "நான்தான். நான்தான் அடைச்சனான்."

நான் அதிகாரிக்குச் சொன்னனான், "ஓமாம். தெரியுமாம். மறந்துபோய் அடைச்சிட்டாராம்."

அதிகாரி ரைப் அடிச்சான். அண்ணை கையெழுத்து வைச்சார். எங்கை வைக்கிறது எண்டு நான்தான் விரலாலை காட்டினனான். கிழவர் எழும்பி வந்து, அண்ணையைக் கட்டிப்பிடிச்சு அழுதார். "ஏன் மகனே, சொன்னனான் எல்லே" எண்டு சொல்லிச் சொல்லி அழுதார். அண்ணை என்னைப் பாத்து, "என்னவாம்?" எண்டு கேட்டார். "கவலைப்படுறாராம்" எண்டனான்.

இப்ப அண்ணையின்ர பேரிலை வழக்கு இருக்கு, கவனயீனத்தாலை ரெண்டு உயிர் போனது எண்டு. பெர்மெசோ புதுப்பிக்கிறதை நிப்பாட்டி வைச்சிருக்கினம். ஒரேத்தோவிலை சோதிலிங்கம் அண்ணையோடை இருக்கிறார். என்னோடை வந்து இருங்கோ எண்டு கேக்க எனக்கு விருப்பம்தான், ஆனால் உம்மைக் கூப்பிடுற அனுமதிக் கடிதம் அப்ப இன்னும் வரேல்லை, அறையிலை இன்னொரு ஆள் எண்டால் கரைச்சல். ஞாயிற்றுக்கிழமையிலை என்னட்டைத்தான் வருவார். ஒரு மணித்தியாலம் இருப்பார். போன கிழமை கேட்டார், "றொனி, யோசிச்சுப் பாத்துச் சொல்லு, அந்தாள் அண்டைக்கு முழங்காலிலை இருந்து எவ்வளவோ நேரம் கதைச்சவர். பிள்ளை சொன்ன மாதிரி ஏதும்..."

"இல்லை அண்ணை" எண்டனான். "சூட்டைப் பற்றித்தான் சொன்னவர்."

"அப்ப நான்தான்" எண்டார். அதைச் சொல்லேக்கை அவருக்கு ஒரு ஆறுதல் மாதிரியும் எனக்குப் பட்டுது. எனக்கு அப்பிடிப் பட்டுது.

நான் அவையளைச் சாக நினைக்கேல்லை ஜெனுஷா. அக்கா அடைப்பா எண்டு தெரியும். அடைச்சால் என்ன நடக்கும் எண்டும் தெரியும். ஆனால் ரெண்டையும் ஒண்டாய் வைச்சு நான் ஒரு நாளும் நினைச்சுப் பாக்கேல்லை. தனித்தனியாய்த்தான் தெரிஞ்சு வைச்சிருந்தனான். இதை உமக்குச் சொல்லேக்கைகூட வெக்கமாய்க் கிடக்கு. சந்தையிலை ரெண்டாம் வகுப்புப் பிள்ளையள் பையோடை போகேக்கை நான் மற்றப் பக்கம் திரும்பி மீனைப் பாக்கிறன். சாமம் சாமமாய் அந்த யன்னல் வெடிப்பைப் பாத்துக்கொண்டு கிடக்கிறன். அக்கா செருகின சாறத் துண்டு இன்னும் அதுக்குள்ளை இருக்கு. பச்சையும் கறுப்பும் கட்டம் போட்டது. எடுத்தெறிய ரெண்டு தரம் கை வைச்சிட்டு விட்டிட்டன், எடுத்தால் காத்து வரும். நீர் வரேக்கை இஞ்சை இன்னும் குளிர் இருக்கும்.

இன்னொண்டு. போன ஞாயிறு அண்ணை ஒரு பையோடை வந்தவர். அக்காவின்ர குளிர் கோட்டு, நாவல் நிறம், ஒரு மாரிதான் போட்டவ. "தங்கச்சி வந்திறங்கேக்கை குளிரும், எயாப்போட்டுக்குக் கொண்டுபோ" எண்டு தந்தார். கதவுக்குப் பின்னாலை ஆணியிலை தூக்கி வைச்சிருக்கிறன். உமக்கு அளவாய்த்தான் இருக்கும். அண்ணையும் உம்மைக் கூப்பிட ரோமுக்கு வாறதெண்டு நிக்கிறார். நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை, எப்பிடிச் சொல்லுறது?

அவ்வளவும்தான். ஒண்டையும் விடேல்லை. இதுதான் நான் முழுசாய்ச் சொன்ன முதல் கதை எண்டு நினைக்கிறன். இனி முடிவு உம்மட கையிலை. இதைக் கேட்டுப்போட்டு உமக்கு என்னோடை இருக்க மனம் ஏலாது எண்டால், அந்தப் பன்ரெண்டாம் தேதிப் பிளேனிலை ஏறாதையும். மாமிக்கு ஒரு சாட்டுச் சொல்லும். நான் ஆரிட்டையும் உம்மைக் குறை சொல்லமாட்டன். விக்னராஜா அண்ணைக்கு உண்மையைச் சொல்லச் சொல்லி நீர் ஒரு வார்த்தை சொன்னால், அண்டைக்கே போய்ச் சொல்லுவன். எனக்கு ஒருத்தர் சொல்லோணும், அவ்வளவுதான். இவ்வளவு நேரம் பேசினதிலை நெஞ்சு கொஞ்சம் லேசாய்க் கிடக்கு. உமக்கு மறைச்சுக் குடும்பம் நடத்தினான் எண்டு நாளைக்கு ஒருத்தரும் என்னைச் சொல்ல ஏலாது.

தபாலிலை போட்டால் எட்டு நாளிலை வரும்தான், ஆனால் உடைச்சுப் பாப்பாங்கள். ரெலிபோனிலை கதைக்கிற கதையும் இல்லை இது. செலஸ்ரீனா அக்கா ஊருக்குப் போறா, கோயிலிலை பாட்டுப் படிக்கிறவ, நம்பிக்கையான ஆள். அவவின்ர கையிலை குடுத்துவிடுறன், கொழும்பிலை இறங்கினவுடனை லொட்ஜுக்குக் கொண்டுவந்து உம்மட கையிலையே தருவா. அவவுக்குப் பயணம் பங்குனி பதினைஞ்சாம் தேதி.